ஏரிக்கரைக் கருப்பின் பங்காளிகள்

அன்று ஹட்டனில், பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த நெட் கடையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், அப்பா, மாப்பிள்ளையின் சித்தப்பா, கடைக்காரர். அம்மா வரவில்லை. தேயிலைக் கொழுந்து நிறைய இருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் பேர் போட்டு வேலை கொடுக்கிறார்கள் என்று மலைக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வரவில்லை, அவரைக் கூப்பிடவில்லை. தங்கச்சியும் வரவில்லை. அவளுடைய கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதைத்தான் அந்தத் திரையில் பார்க்கப் போகிறோம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் நீயும் வா என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு. மழை தொடங்கியிருந்தது. கடையில் நான்கு கணினிகள் இருந்தாலும் இணையம் வந்தது ஒன்றில்தான். மணிக்கு நூறு ரூபாய். மழை வலுத்தால் தொலைபேசிக் கம்பி படுத்துவிடும். கம்பி படுத்தாலும் நேரம் ஓடும். சித்தப்பா ஈரக் குடையை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு திரையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இதுல எப்படி தம்பி நம்ம ஊரு தெரியும்?"

"ஊரு பேர அடிச்சா வருங்க மாமா."

"நம்ம பேர அடிச்சா?"

"நம்ம பேரு வராதுங்க."

"அப்பிடிச் சொல்லு. நம்ம பேரு பெரட்டுல கூப்புட்டாலே சில நாளு வர்றதில்ல" என்றார். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடத்தைத்தான் பெரட்டு என்போம். அப்பா சிரித்தார். அப்பா அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நாங்கள் அங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் மாப்பிள்ளையின் அம்மா கேட்ட ஒரு கேள்வி.

தங்கச்சி எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. மடுவத்துக்குப் பால்மாவும் சீனியும் ஏற்றிக்கொண்டு ஒரு திரீவீலர் மாதம் இரண்டு தடவை வரும். ஓட்டி வந்தவர் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். மாதம் இரண்டு தடவை வந்துகொண்டிருந்தவர் வாரம் இரண்டு தடவை வரத் தொடங்கினார். பிள்ளைகள் அவ்வளவு பால் குடிக்காது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தபிறகு, அவருடைய அம்மா வெற்றிலை பாக்கோடு முறையாக, தோட்டத்து லய வரிசையில் எங்கள் ஓரறை வீடான காம்பராவுக்கு வந்தார்.

பேச்செல்லாம் நல்லபடியாகத்தான் போனது. எழும்பும்போதுதான் கேட்டார்.

"எல்லாம் சரிங்கண்ணே. ஒங்க குலசாமி எது? அத மட்டும் சொல்லிப்புடுங்க."

"நமக்கு இங்க தோட்டத்து மாரியம்மாதாங்க" என்றார் அப்பா.

"அது எல்லாருக்கும் பொதுங்க. வீட்டுச் சாமியக் கேக்குறேன். எங்களுக்கு ஏரிக்கரைக் கருப்பு. ரெண்டு குதிர நிக்கும், ஒண்ணுக்கு மூக்கு ஒடஞ்சிருக்கும். எந்த ஊருன்னு எங்களுக்குத் தெரியாது, ஆனா சாமி அதுதான். எங்க மாமனாரு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒங்களுக்கும் அதுவாவே இருந்துட்டா?"

இருந்துவிட்டால் நாங்கள் பங்காளிகள். பங்காளி வீட்டில் பெண் எடுப்பது கூடப் பிறந்தவளைக் கட்டுவதற்குச் சமம். கடல் தாண்டி வந்து நாலு தலைமுறை ஆனபிறகும் அந்தக் கணக்கை யாரும் விட்டிருக்கவில்லை. சாமியை மறந்த வீடுகள்தான் அதிகம். எங்கள் வீடும் அதில் ஒன்று.

அப்பா என்னைப் பார்த்தார். தெரியாத எதைக் கேட்டாலும் அப்பா என்னைத்தான் பார்ப்பார். எங்கள் வீட்டில் முதலில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவன், முதலில் உயர்தரம் எழுதியவன், தோட்டப் பாடசாலையில் உதவி ஆசிரியனாகி முதலில் சப்பாத்துப் போட்டு வேலைக்குப் போனவன் நான்.

"நான் கண்டுபிடிச்சுச் சொல்றேங்க அத்தை" என்றேன்.

யாரும் கேட்காமலே அதைச் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. 'தெரியலைங்க, ஆனா நிச்சயம் கருப்பு இல்லை' என்று அப்பா ஒரு பொய்யைச் சொல்லி முடித்திருப்பார். நான் இருந்ததால்தான் சொல்லவில்லை.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு தாள். அப்பாவின் தகரப் பெட்டியில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தது. எங்கள் பூட்டன் இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது கொடுத்த பதிவுத் துண்டு. பேர், தகப்பன் பேர், ஊர், தாலுகா, எந்தக் கங்காணியின் ஆள் என்பது. கங்காணி என்றால் தன் ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்து, இங்கே அந்த ஆட்களுக்குத் தலைவராக இருந்தவர். எல்லாம் ஆங்கிலத்தில், சாய்ந்த கையெழுத்தில். எட்டாம் வகுப்பில் இருந்தபோது அதை எழுத்துக் கூட்டி நான்தான் வாசித்துக் காட்டினேன். அதற்கு முன் ஏறக்குறைய எண்பது வருடம் அந்தத் தாளை எங்கள் வீட்டில் யாரும் வாசித்ததில்லை. ஆனால் யாரும் தொலைக்கவும் இல்லை. அன்று அப்பா அந்த ஊர்ப் பேரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

அந்த ஊரின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அதில் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு தாளை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று எனக்குப் படிப்பு சொல்லியிருந்தது. அதனால் எங்கள் லயத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் கேட்டு, அவர்களுடைய துண்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் அதே ஊர். அதே கங்காணி. மூன்று தாள், ஒரே ஊர். மாணவர்களுக்கு வரலாறு படிப்பிக்கும்போது நான் சொல்வது இதுதான்: ஒன்றுக்கு மேற்பட்ட மூலாதாரம் ஒத்துப்போனால் நம்பலாம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மாதான் அடுப்படியில் இருந்தபடி கேட்டார்:

"பக்கத்துக் காம்பராவுக்கும் அதே ஊரா? அங்கதான ஒங்க அத்தையக் கட்டிக் குடுத்தாங்க. அப்ப அது என்ன மொற?"

"அதாண்டி அதுக்குப் புள்ளை இல்ல" என்றார் அப்பா. அத்தைக்குக் குழந்தை இல்லாததற்கு அதுவரை நாற்பது வருடமாக வேறு காரணங்கள் இருந்தன.

அம்மா கேட்டதை நான் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஞாயிறு தோறும் ஹட்டன் போனேன். ஏழு ஞாயிறு. முன்னோரைத் தேடித் தருகிற இணையதளங்கள் நிறைய இருந்தன. போனவுடன் ஒரு படிவம் வரும். குடும்பப் பெயர் என்ன? எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பேர்தான் முன்னால் வரும், அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடும். அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டால் சிவப்பில் ஒரு நட்சத்திரம் போட்டுத் திருப்பி அனுப்பும். பிறந்த ஆண்டு? தெரியாது. வந்த கப்பல்? ஒரு நாள் கப்பல் பட்டியல்களுக்குள் மூன்று மணி நேரம் இருந்தேன். முதல் வகுப்பில் வந்தவர்கள் பேர் பேராக இருந்தார்கள், மனைவி, பிள்ளை, ஆயா வரை. கீழ்த்தட்டில் வந்தவர்களுக்கு ஒரு எண்ணிக்கை மட்டும்.

துரைமார்களுக்குக் குறைவே இல்லை. எங்கள் தோட்டத்துக்கு மேலே, பழைய ஆங்கிலக் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைகள்கூட யாரோ படம் எடுத்துப் போட்டு, பேரும் வயதும் சாகக் காரணமான காய்ச்சலும் எழுதியிருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்மணி, தன் பாட்டனார் இந்தத் தோட்டத்தில் துரையாக இருந்தார், அவருடைய கல்லறை இன்னும் இருக்கிறதா, யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதன்மேல் ஏறி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றிருக்கிறேன். அட்டை கடிக்கக் கடிக்க ஏறிப் போய், பாசியைச் சுரண்டி, எழுத்தைப் பார்த்து எழுதி வந்து அனுப்பினேன். அவர் மிகவும் நெகிழ்ந்து பதில் எழுதினார். கூடவே தன் குடும்பப் படத்தொகுப்பிலிருந்து ஒரு படம் அனுப்பினார்: துரை நாற்காலியில், காலடியில் நாய், ஒரு பக்கம் கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி, பின்னால் மூன்று வரிசையில் ஆட்கள். நாயின் பேர் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது.

அந்தப் படத்தை அச்செடுத்து வந்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகமும் கறுப்புப் புள்ளிகளாக இருந்தன.

கடைசியில் அந்தப் பகுதி ஊர்களைப் பற்றி யாரோ ஒருவர் ஆர்வத்தில் நடத்திய ஒரு தளம் கிடைத்தது. அதில் கருத்து எழுதும் பக்கத்தில் எங்கள் கதையை எழுதி வைத்தேன்: இன்ன ஊர், இன்ன கங்காணி, குலசாமி தெரிய வேண்டும், கல்யாண விஷயம், அவசரம். மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நாலாவது வாரம் என் மின்னஞ்சல் பெட்டியில் ஒரு கடிதம் வந்திருப்பதாகத் தெரிந்தது. அனுப்பியவர் அந்த ஊர்க்காரர், துபாயில் வேலை. அன்று மழையில் கம்பி படுத்துவிட்டதால் திறந்து வாசிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, பதில் வந்துவிட்டது என்று சொன்னேன். நான் வாசித்துப் பார்க்கும்வரை பொறுத்திருக்கலாம். அப்பா அன்றைக்கே அக்கரப்பத்தனைக்கு ஆள் அனுப்பி, அடுத்த ஞாயிறு உங்கள் பக்கத்தில் ஒருவர் வந்து கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். என் மகன் கண்டுபிடித்துவிட்டான் என்ற பெருமைதான், வேறொன்றும் இல்லை.

அப்படித்தான் சித்தப்பா குடையோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

கடிதம் மெதுவாகத் திறந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். "சத்தமா வாசிடா" என்றார் அப்பா. நான் வாசித்தேன். நலம், நலமறிய ஆவல். உங்கள் செய்தி கண்டு மகிழ்ச்சி. எங்கள் ஊரிலிருந்து அந்தக் காலத்தில் சிலோன் போனது ஒரே தெரு ஆட்கள்தான். எல்லாரும் ஒரே வகையறா. எங்கள் குலதெய்வம்...

அந்த இடத்தில் அடுத்த வரியை என் கண் பார்த்துவிட்டது. வாய் நிற்கவில்லை. எனக்கு வாசிக்கத்தான் கற்றுக் கொடுத்திருந்தார்கள்.

"...ஏரிக்கரைக் கருப்பு. ரெண்டு மண் குதிரை இருக்கும்."

சித்தப்பா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மூக்கு ஒடஞ்சதப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா தம்பி?"

"இல்லைங்க."

"பரவாயில்ல. அது வரைக்கும் போதும்." அப்பாவின் தோளில் கை வைத்தார். "சம்பந்தின்னு கூப்புட வந்தேன். இப்ப பங்காளியாப் போச்சு. நான் ஒங்கள அண்ணேன்னு கூப்புடவா, தம்பின்னு கூப்புடவா?"

கடைக்காரர், "ஒண்ணே கால் மணி நேரம்" என்றார்.

தங்கச்சி அன்றிரவு சாப்பிடவில்லை என்றெல்லாம் இல்லை. நன்றாகச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிவிட்டு வந்து என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, நீ வாசிக்கும்போது அந்த வரி முன்னாலயே தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிச்சு."

"தெரிஞ்சும் வாசிச்ச."

"உண்மை அதானேம்மா."

"பதினாலு வயசுலருந்து நான் மடுவத்துல புள்ளைய தூக்கித்தான் ஒன்னய படிக்க வச்சேன். அப்ப ஒண்ணும் கேக்கல. இப்ப ஒரே ஒரு பொய் கேட்டேன்னு வச்சுக்க."

மாப்பிள்ளை மறுநாளிலிருந்து மடுவத்துப் பக்கம் வரக் கூடாது என்று அவருடைய அம்மா உத்தரவு போட்டார். பால்மாவை வேறொருவர் ஏற்றி வந்தார். தோட்டத்தில் பேச்சு வேறு மாதிரித் திரும்பியது. அண்ணன் முறை ஆளோடு பழகினாள் என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் சொல்வதாக அம்மா சொன்னார். தங்கச்சிக்கு அப்போது இருபத்தாறு வயது. இது தீரவில்லை என்றால் வேறு இடத்திலும் வராது என்பது எல்லோருக்கும் விளங்கியது.

அப்பாதான் போவோம் என்றார். அந்த வருடம்தான் அவர் வேலையிலிருந்து நின்றிருந்தார், ஈ.பி.எப். காசு வந்திருந்தது. முப்பத்தெட்டு வருடம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின காசு.

"அது கல்யாணத்துக்கு வச்ச காசுங்க" என்றார் அம்மா.

"கல்யாணம் நடக்கணும்னுதான போகுது."

"ஊரு பேரு தெரியாமத்தான நாலு தலமொற பெத்து வளத்தோம். இப்ப போயி என்னத்தக் கொண்டாரப் போறீங்க?"

"ஒருக்கா கண்ணால பாத்துட்டு வந்துர்றேன். பங்காளின்னா பங்காளி. இல்லைன்னா இல்ல. வேற ஒருத்தன் துபாயிலருந்து எழுதி எம் மகளுக்கு முடிவு சொல்லக் கூடாது."

அது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த, திருவிழாவுக்கு மட்டும் கட்டும் வேட்டியைப் பார்த்தபோது, மகளுக்காக மட்டும் போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பாஸ்போட்டுக்கு அலைந்தது, அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் பேர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருந்ததற்குச் சத்தியக் கடதாசி முடித்தது, விசாவுக்குக் கண்டியில் வரிசையில் நின்றது இதெல்லாம் ஐந்து மாதம். எழுத எனக்கு இப்போதும் அலுப்பாக இருக்கிறது. பாடசாலையில் சம்பளமில்லாத லீவு போட்டேன். புறப்பட்ட அன்று தங்கச்சி வாசல் வரை வந்து அப்பாவின் சால்வையைச் சரி செய்தாள். "அவசரப்படாம இருந்து நல்லா விசாரிச்சிட்டு வாங்கப்பா" என்றாள்.

கொழும்பிலிருந்து திருச்சி ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த வழியைப் பூட்டன் எத்தனை நாளில் வந்தார் என்று அப்பா என்னிடம் கேட்டார். அது எந்தத் தளத்திலும் இருக்கவில்லை.

பஸ்ஸில் போய் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி, வெயிலில் நடந்தோம். அப்பாவுக்கு அவ்வளவு வெயில் பழக்கமில்லை. தேத்தண்ணிக் கடையில் அப்பா பேசியதைக் கேட்டு, பக்கத்து ஊர்க்காரர் என்றே கடைக்காரர் நினைத்தார். காம்பரா என்று ஒரு சொல் வாயில் வந்தபிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். "சிலோனா? கோயில் வீட்டுப் பெரியவரப் பாருங்க. ஒங்களுக்குன்னே உக்காந்திருக்காரு."

பெரியவர் அந்தக் கங்காணியின் பேரன். எழுபது வயதுக்கு மேல். கட்டிலில் படுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பாமலே, "வாங்க வாங்க. இந்த வருசத்துக்கு நீங்க மூணாவது செட்டு" என்றார்.

அப்பா அந்தத் துண்டை மஞ்சள் துணியிலிருந்து பிரித்து நீட்டினார். பெரியவர் அதை வாங்கவே இல்லை.

"தெரியும், எங்க ஊரு பேருதான் போட்டிருக்கும். ஒங்க பூட்டன் பேரு என்ன?"

அப்பா சொன்னார். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை இழுத்தார். கோயில் வரி நோட்டு. கருப்பு கோயில் பங்காளிகள் ஒவ்வொரு தலைக்கட்டும் திருவிழாவுக்கு வரி கொடுப்பார்கள். கொடுக்கிறவர்கள் பேரை வரிசையாக எழுதி வைப்பார்கள். சிலோன் போனவர்களின் பேரையும் அடிக்கவில்லை. அண்ணன் தம்பி வீட்டார் அவர்களுக்கும் சேர்த்து வருடா வருடம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நோட்டு கிழியக் கிழியப் புது நோட்டில் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

"எங்க தாத்தாகூட இந்த ஊர்லருந்து போனது ஒம்போது பேரு. படிக்கிறேன், கேளுங்க" என்று படித்தார். ஆறாவது பேர், நாங்கள் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பூட்டனுடையது. ஒன்பதும் முடிந்தது. எங்கள் பூட்டன் இல்லை.

"திருப்பிப் பாருங்க ஐயா" என்றார் அப்பா.

"எத்தனை தடவ பாத்தாலும் ஒம்போதுதாங்க. தாத்தா கூட்டிட்டுப் போனது அறுபது எழுவது பேரு. மத்தவுகள்லாம் வழியில சேந்தவுக. பஞ்சத்துல ரோட்டோரமா நடந்து வந்துக்கிட்டு இருப்பாக. கஞ்சி ஊத்தறேன் வாங்கடான்னா வந்துருவாக. கப்பலேத்துறதுக்கு முந்தி கேம்புல எழுதுறவன் ஆளாளுக்கு எந்த ஊருன்னு கேப்பான். நெசத்தச் சொன்னா அந்தந்த ஊருக்கு எழுதி விசாரிப்பான், நாளாகும். அதனால எல்லாரும் எங்க ஊருதான்னு தாத்தா ஒரே ஊரச் சொல்லிப்புடுவாரு. அங்க தோட்டத்துலயும் அதே எழுத்து."

மூன்று தாள், ஒரே ஊர். மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்தவை. பக்கத்துக் காம்பராவில் அத்தையைத் தைரியமாகக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு, தாங்கள் ஒரே ஊர் இல்லை என்று தெரிந்திருக்கிறது. வாசிக்கத் தெரியாததால் தாள் அவர்களைக் குழப்பவில்லை. எண்பது வருடம் கழித்து அதை வாசித்தவன் நான்.

"துபாய்லருந்து ஒரு தம்பி எழுதினாருங்களே" என்றேன், வேறெதுவும் தோன்றாமல்.

"அவன் எந்தம்பி மகன்தான். கேட்டதுக்குப் பதில் சொல்லியிருப்பான். இந்த ஊரு சாமி எதுன்னு கேட்ட, இதுன்னான். நீ இந்த ஊரான்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

ஒரு கணக்குக் கொப்பித் தாளில் அந்த ஒன்பது பேரையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, கோயில் முத்திரையும் குத்திக் கொடுத்தார். பங்காளி இல்லை என்பதற்கு எங்களுக்கு அதுவே போதும். தங்கச்சியின் கல்யாணத்துக்குக் குறுக்கே இனி ஒன்றும் இல்லை. நான் அந்தத் தாளை இரண்டு தடவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது.

"வந்தது வந்தீங்க, சாமியக் கும்பிட்டுட்டுப் போங்க" என்றார் பெரியவர். ஏரியில் தண்ணீர் இல்லை. கரையில் இரண்டு குதிரைகள். ஒன்றுக்கு மூக்கு உடைந்துதான் இருந்தது. அப்பா எல்லைக் கல்லுக்கு வெளியிலேயே செருப்போடு நின்றார். வீட்டுக்காரர் கூப்பிட்டும் உள்ளே போகக் கூச்சப்படுகிறவரைப் போல இருந்தார். பிறகு பெரியவரிடம் கேட்டார்:

"வழியில சேந்தாங்கன்னீங்களே. அது எந்த வழிங்க?"

அவர் கையைக் காட்டினார். திரும்பிப் போகும்போது பஸ்ஸுக்காக நாங்கள் நின்றது அந்த ரோட்டில்தான். லொறிகள் போய்க்கொண்டிருந்தன. அப்பா வடக்கே ஒரு தடவை பார்த்தார், தெற்கே ஒரு தடவை பார்த்தார். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் போகலாம் என்றார். அதிலும் ஏறவில்லை. மூன்றாவதில்தான் ஏறினோம்.

டிக்கெட் திகதிப்படி இன்னும் பதினொரு நாள் இருந்தது. மாற்றினால் காசு. திருச்சியில் ஒரு மலிவான லொட்ஜில் படுத்துக் கிடந்தோம். அப்பா வெளியே வரவே இல்லை. நான் மட்டும் கீழே இருந்த நெட் கடைக்குப் போய், அந்த இங்கிலாந்துப் பெண்மணிக்கு, படத்தில் இருந்த மற்ற ஆட்களின் பேர் எங்காவது எழுதியிருக்கிறதா என்று கேட்டு ஒரு கடிதம் போட்டேன். இல்லை, மன்னிக்கவும், நாயின் பேர் மட்டுமே இருக்கிறது என்று மறுநாளே பதில் எழுதினார். நல்ல மனுஷி.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாலை நாலு மணி இருக்கும். அம்மா மட்டும் இருந்தார்.

"பங்காளி இல்ல" என்றார் அப்பா, பையை இறக்காமலே. நான் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். "எங்க அவ? கூப்புடு."

"அக்கரப்பத்தனையில இருக்கா" என்றார் அம்மா. "குந்துங்க மொதல்ல."

"அங்க என்ன வேல?"

"புருசன் வீட்டுலதான இருப்பா?"

நாங்கள் புறப்பட்ட மறுநாளே இருவரும் போய்ப் பதிவாளர் கந்தோரில் அறிவித்தல் கொடுத்திருக்கிறார்கள். விதிப்படி காத்திருக்க வேண்டிய நாள் முடிந்ததும், முந்தின வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அங்கே இருந்தவர்கள்: தங்கச்சி, மாப்பிள்ளை, அவருடைய கூட்டாளி ஒருவர், அம்மா. சாட்சிக் கையெழுத்தில் ஒன்று அம்மாவுடையது. மடுவத்தில் தங்கச்சி சொல்லிக் கொடுத்து, ஒரு வாரம் எழுதிப் பழகிப் போட்ட கையெழுத்து.

"பங்காளியா இருந்திருந்தா?" என்றார் அப்பா.

"இருந்திருந்தாலும் போட்டிருப்பேன். நீங்க ரெண்டு பேரும் பூட்டனத் தேடுனீங்க. அவளத் தேட ஒரு ஆளு வேணும்ல."

அப்பா அந்தத் தாளை எடுத்துத் தானே அக்கரப்பத்தனைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நிறுத்தி, என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தன் வீட்டுப் பேர் ஆறாவதாக வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்களுக்காக யாரோ வருடா வருடம் வரி கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். எங்கள் காசில் அவர்களுடைய ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தோம். கடைசியில் அப்பாவைப் பார்த்து, "சரிங்கண்ணே, பங்காளி இல்ல. அப்ப நீங்க எந்த ஊரு?" என்றார்.

"ரோடுங்க" என்றார் அப்பா.

தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். இளைத்திருந்தாள். வந்த நாளிலிருந்து மாமியார் அவளோடு பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் பேசவில்லை. என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாதான் அவளிடம், பயணத்துக்கு என்ன செலவானது என்று, மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி, தானாகச் சொன்னார். நெட் கடையிலிருந்து லொட்ஜ் வரைக்கும் எல்லாம் சேர்த்து தொண்ணூற்று நாலாயிரத்துச் சொச்சம். அவளுடைய கல்யாணத்துக்கு என்று வைத்திருந்ததில் மிச்சம் அதிகம் இல்லை என்றார்.

"பரவாயில்லப்பா. அதான் முடிஞ்சிருச்சே."

"ஒங்களுக்கு எவ்வளவும்மா ஆச்சு?"

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் விரலில் எண்ணினார்: பதிவுக் காசு, முத்திரை, நாலு பேருக்குப் பஸ், வெளியே வந்து குடித்த தேத்தண்ணி, நாலு வடை. திரீவீலரில் போனால் ஊரே பார்க்கும் என்று பஸ்ஸில் போயிருக்கிறார்கள்.

"நானூத்தி அறுவது ரூவா மாமா" என்றார்.